கிருமி தின்னும் என்று விட்டுவிடலாமா?

ரிச்சர்ட்ஸ் டவுனில் கடல் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு உண்டு. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உற்றார் உறவினரை விட்டுவிட்டு, பிழைப்புக்காகப் பெங்களூர் வந்தவர்களும் உண்டு. ஆகவே எண்ணூர்க் கடலில் எண்ணெய் கொட்டினால், அது இங்குள்ள தமிழர்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயமே.

2017 ஜனவரி 28 அன்று, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிறகு கரையெங்கும் கறுப்புக் குழம்பு ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் அதை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது, மணலித் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் பாழாயின.

"கடலில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். இது பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

எண்ணெய் அந்தக் கிருமிகளுக்குச் சாப்பாடு. சாப்பாடு மட்டும் போதுமா? மூச்சுவிடவும் வேண்டும். அலையடிக்கும் கடலின் மேற்பரப்பில் பிராணவாயு கிடைக்கிறது. அடிச்சேற்றில் அது கிடைப்பதில்லை. அங்கே சிலவகைக் கிருமிகள் மட்டும் வேறு வழி செய்கின்றன. தண்ணீரில் கரைந்துள்ள நைட்ரேட் உப்பிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுகின்றன. பிரான்சில் எண்ணெய் ஆலைக் கழிவு கலக்கும் மத்தியதரைக் கடல் ஓரத்தில் கண்டெடுத்து, 1992-ல் 'மரினோபாக்டர்' என்று பெயரிட்ட கிருமி இந்த வகையைச் சேர்ந்ததே. உரமும் சாக்கடையும் கொண்டுவரும் நைட்ரேட்டும் குறைகிறது, எண்ணெயும் குறைகிறது. ஒரே வேலையில் இரண்டு லாபம்!

ஆனால் இது ஆமை வேகத்தில் நடக்கும் வேலை. கெட்டியான தார்ப் பகுதியை எளிதில் கிருமிகளால் தின்ன முடியாது. நைட்ரேட் தீர்ந்தால் இந்த வேலையும் நின்றுவிடும். பாதியில் நின்றால், பூமியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் கிளம்பும்.

2017-ல் கரையில் வாரிய கழிவைத் துறைமுகத்தில் குழியில் போட்டு, எண்ணெய் தின்னும் கிருமிகளைக் கலந்தார்கள். நல்ல முயற்சிதான். குழி மண்ணைக் கிளறிக் காற்றுப் புக வைக்கலாம். கழிமுகச் சேற்றை யார் கிளறுவது? இறாலும் நண்டும் வளர்வது அந்தச் சேற்றை நம்பித்தானே? கிருமி தின்று முடிக்கும்வரை மீனவர் அடுப்பில் எதை வைத்துச் சமைப்பது?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே ஆலைகளின் வடிகால்களைச் சோதிக்க வேண்டும். எண்ணெயைத் தடுக்கும் மிதவைகள் துறைமுகத்தில் தயாராக இருக்க வேண்டும். எவ்வளவு கொட்டியது என்ற உண்மையை முதல் நாளே சொல்ல வேண்டும். நஷ்ட ஈடு மீனவர் கைக்குத் தாமதமின்றிச் சேர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கிருமி சம்பளம் கேட்காமல் தன் கடமையைச் செய்கிறது. சம்பளம் வாங்குகிறவர்களும் தங்கள் கடமையைச் செய்யட்டும்.