திரி இல்லாத வெடி

ஆலங்குளத்துப் பக்கம் கடவுள் பேச்சை எடுத்தால் எப்படியும் பட்டாசில் வந்து நிற்கும். “தம்பி, ஒரு சரவெடி தானா வெடிக்குமா? மருந்து கலக்க ஒருத்தன், திரி வைக்க ஒருத்தன், கொளுத்த ஒருத்தன் வேணும்ல? இத்துணூண்டு வெடிக்கே அப்படின்னா, உலகத்தையே உண்டாக்குன அம்புட்டுப் பெரிய வெடிக்கு?” டீக்கடை அண்ணாச்சி இப்படிக் கேட்டுவிட்டு கிளாஸ் கழுவப் போய்விடுவார். வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு மேல்முறையீடு உண்டு.

முதலில் அந்தக் கொளுத்துகிற ஆள். ஆள் இல்லாமல் மருந்து வெடிக்காது என்று வேறு ஊர்க்காரர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் இருந்துகொண்டு சொல்லலாமா? மருந்து கலக்கும் அறையில் ஓர் உராய்வு போதும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளவும் கூடும். விபத்து நடந்த அறையில் எது எதோடு உரசியது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். வெடிக்குக் காரணம் வேண்டும், சரி. அது ஓர் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது இந்த மண்ணில் செல்லாது.

“காரணமாவது வேணும்ல?” என்பார் அடுத்து. அதற்கும் பதில் அவர் சொன்ன மருந்திலேயே இருக்கிறது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். பொட்டாசியம் அணுக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை கலந்திருக்கிறது. ஒரு கிராம் வெடியுப்பை உள்ளங்கையில் வைத்தால், நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு அணுக்கள் தாமாகச் சிதைந்துகொண்டிருக்கும். இந்த நொடி சிதைகிற அணுவுக்கும், இன்னும் நூறு கோடி ஆண்டு சும்மா கிடக்கப்போகிற பக்கத்து அணுவுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அடுப்பில் வைத்தாலும் வேகம் கூடாது. எத்தனை சிதையும் என்பதைக் குவாண்டம் இயற்பியல் சொல்லும். இந்த அணுவை இப்போது தூண்டியது எது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. மறைவாக ஒரு காரணம் இருக்கும் என்று நம்பும் இயற்பியலாளர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘எதற்கும் ஒரு தூண்டுதல் உண்டு’ என்பதை இனி கேள்வி கேட்காமல் ஏற்க முடியாது.

அடுத்து, ‘வெடி’ என்ற சொல். 1949இல் பிபிசி வானொலியில் வானியலாளர் ஃபிரெட் ஹாயில், தாம் ஏற்காத ஒரு கோட்பாட்டுக்கு வைத்த பெயர் ‘பிக் பேங்’. நாம் அதைப் பெருவெடிப்பு ஆக்கி, சிவகாசி லேபிளும் ஒட்டிவிட்டோம். தெருவில் அணுகுண்டுப் பட்டாசு வெடித்தால் அதற்கு ஒரு நடு உண்டு. காதைப் பொத்திக்கொண்டு நிற்க வெளியே ஒரு திண்ணையும் உண்டு. பிரபஞ்சத்துக்கு இரண்டும் இல்லை. சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் அடர்த்தியும் சூடுமாக இருந்த எல்லா இடமும் சேர்ந்தே விரிந்தது. அந்தப் பழஞ்சூட்டின் மிச்சத்தை 1965இல் பென்சியாஸ், வில்சன் என்ற வானியலாளர்கள் அறிவித்தார்கள். எந்தத் திசையில் பார்த்தாலும் அது ஏறக்குறைய ஒரே அளவு. ஊதுபத்தியை நீட்டிக்கொண்டு நிற்க வெளியே இடமில்லை. காலமும் அப்போதுதான் தொடங்கியது என்றால் ‘அதற்கு முன்’ கொளுத்தியவர் என்ற பேச்சுக்கு இடமில்லை. முன்னும் ஏதோ இருந்தது என்றால், அது தொடக்கமே அல்ல.

இந்தக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்புக்கு அறிவியலே சாட்சி என்கிற தொனியில் பேசியபோது சங்கடப்பட்டவர் அவர்தான். பாதிரியாரே வேண்டாம் என்ற சாட்சியை நாம் ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?

மிச்சம், மருந்து கலந்து ‘செய்தவன்’. ஆலங்குளம் அரசு சிமெண்ட் ஆலை சிமெண்ட் செய்கிறது. சுண்ணாம்புக்கல்லை அது செய்யவில்லை. அந்தக் கல்லில் இருக்கும் கால்சியம் பழைய விண்மீன்களின் வயிற்றில் வெந்தது. நாம் கண்ட செய்பவர் எல்லாரும் இருப்பதை மாற்றிச் செய்தவர்களே. சைவ சித்தாந்திகளுக்கு இது தெரிந்திருந்தது. குயவனை உவமை சொன்னவர்கள் மண்ணை மறக்கவில்லை: மண்ணைப் போல மாயை முதற்காரணம், குயவனைப் போல இறைவன் நிமித்த காரணம்; பதி (இறை), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றுமே அநாதி, தொடக்கம் இல்லாதவை. குயவனைச் சாட்சிக்கு அழைத்தால் மண்ணும் கூடவே வந்து நிற்கும். உலகே அநாதி, படைத்தவன் இல்லை என்று இன்னும் ஒரு படி போனவர்கள் சமணர்கள். நமக்குத் தெற்கே, கழுகுமலைப் பாறையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கி வைத்தது அவர்கள்தான். அவர்களை இங்கிலீஷ் படிப்பு கெடுத்தது என்று சொல்ல வழியில்லை.

‘அளவு தப்பினால் புஸ்வாணம் பூக்காது, பிரபஞ்சத்துக்கு அளவு போட்டது யார்?’ என்பது கொஞ்சம் கனமான கேள்விதான். ஆனால் கருமருந்துக்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது, வேறு அளவுகளைக் கலந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. வேறொரு பிரபஞ்சத்தை யாரும் கலந்து பார்த்ததில்லை.

இதனாலெல்லாம் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. வெள்ளிக்கிழமை கடைக்குச் சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. “அவரு எப்பவும் இருக்காரு, அவருக்கு ஆரம்பம் கிடையாது” என்றார் அண்ணாச்சி. அதையே உலகத்துக்குச் சொன்னால் என்ன என்றேன். கிளாசைத் துடைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“நெசமாவே அந்த உப்பு தானா சிதையுதா?” என்று மட்டும் கேட்டார்.