பரம்பரைத் தரவு எங்கள் வைத்தியசாலை வாசலுக்கு வரட்டும்

'ஆயிரம் ஜெனோம்கள்' என்ற பன்னாட்டுத் திட்டம் 2008இல் தொடங்கி 2015இல் நிறைவடைந்தது. 26 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் பரம்பரையலகுத் தொகுதிகள் அதில் வாசிக்கப்பட்டன. யாரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கத் திறந்த தரவுத்தளமாக அவை இன்றைக்கும் இருக்கின்றன. அந்த 26 கூட்டங்களில் ஒன்று இலங்கைத் தமிழர். ஆனால் அதிலுள்ள 102 பேரின் மாதிரிகளும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ எடுக்கப்பட்டவை அல்ல. பிரித்தானியாவில் வாழும் எங்கள் ஆட்களிடமிருந்து எடுக்கப்பட்டவை.

எங்கள் ஊரான இணுவிலில், இலண்டனில் உறவில்லாத வீடு குறைவு. போர் எங்களைப் பிரித்துவிட்டது. அங்கே போனவர்களின் கலங்களில் இருப்பதும் இங்கே தங்கியவர்களின் கலங்களில் இருப்பதும் ஒரே பரம்பரைதான். உயர்தர வகுப்பில் பிறப்புரிமையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், அந்தப் பாடம் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே வந்து நின்றதைக் கண்டவள் என்ற முறையிலும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். உலகத் தரவுத்தளங்களில் கிடக்கும் இந்த அறிவு எங்கள் நோயாளிக்குப் பயன்படவேண்டும். அதற்கான ஆட்களையும் பதிவேட்டையும் வடக்கில் இப்போதே உருவாக்கத் தொடங்கவேண்டும்.

எங்கள் நாட்டில் டி.என்.ஏ. பற்றிக் கதை எழுந்தால் முதலில் வரும் கேள்வி, இந்தத் தீவுக்கு யார் முந்தி வந்தார் என்பது. அடுத்தது, எந்தச் சாதி எங்கிருந்து வந்தது என்பது. சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையே பெருமளவு மரபுக் கலப்பு நடந்திருக்கிறது என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வும் காட்டியது. அந்த வாதத்தை அதோடு விட்டுவிடலாம். இருபது வருடம் அதைப் பேசினாலும் ஒரு நோயாளியின் மூச்சிரைப்புத் தணியப்போவதில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு: எங்கள் கலங்களுக்குள் எந்தப் புரதம் எதைப் பற்றிப் பிடிக்கிறது, அந்தப் பிடி எங்கே தளர்கிறது?

இதற்கு எங்கள் இதயத்திலேயே உதாரணம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும், வேறு பல நாட்டவரும் சேர்ந்து 2009இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 11ஆம் நிறமூர்த்தத்தில் எம்.வை.பி.பி.சி.3 என்ற பரம்பரையலகு இருக்கிறது. அதில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் தெற்காசியரில் நூறு பேருக்கு ஏறத்தாழ 4 பேரிடம் உண்டு. இலங்கையிலும் அது காணப்பட்டது. ஐரோப்பியரிடமும் ஆபிரிக்கரிடமும் அதைக் காணவில்லை. சுமப்பவர்கள் சுமார் 6 கோடிப் பேர் இருக்கலாம் என்று அப்போது கணித்தார்கள். நடுவயதுக்குப் பிறகு வரும் இதயத்தசை நோயோடும் இதயச் செயலிழப்போடும் அதற்குத் தொடர்பு தெரிந்தது.

ஐரோப்பியரின் இரத்தத்தை மட்டும் வைத்துத் தரவுத்தளம் கட்டியிருந்தால் இந்த விடுபாடு அதில் பதிவாகியே இருக்காது. மேற்கில் எழுதிய பாடநூலில் இல்லாத நோய்க்காரணம் எங்கள் கிளினிக் வரிசையில் இருக்கக்கூடும்.

25 எழுத்துகள் இல்லாமற்போனால் இதயத்துக்கு என்ன? அங்கேதான் புரதங்களின் உறவு வருகிறது. மனிதரில் புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் சுமார் 20,000. அவற்றை வாசித்து முடித்தால் கையில் கிடைப்பது பெயர்ப் பட்டியல். எங்கள் ஊர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர். கோயில் திருவிழா என்றால் விடிய விடிய மேளம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வித்துவான்களின் பெயர்களை நோட்டீசில் வாசித்துவிட்டு இரவு மேளக்கச்சேரி எப்படி இருந்தது என்று சொல்லிவிட முடியாது. எந்த நாதஸ்வரத்துக்கு எந்தத் தவில் கூட நின்றது, எங்கே சேர்ந்தது, எங்கே விலகியது என்று தெரிந்தால்தான் சொல்லலாம். கலத்துக்குள்ளும் அப்படித்தான்.

இதயத்தசையின் தடித்த இழைகள் மயோசின் என்ற புரதத்தால் ஆனவை. எம்.வை.பி.பி.சி.3 ஆக்கும் புரதம் அந்த மயோசினைப் பற்றிக்கொண்டு, தசை எவ்வளவு வேகத்தில் சுருங்கவேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிறது. பற்றிக்கொள்வது அதன் வால்முனையால். 25 எழுத்து விடுபாடு மாற்றிவிடுவதும் அதே வால்முனையைத்தான். புரதம் உருவாகிறது, ஆனால் பிடிக்கவேண்டிய இடத்தில் சரியாகப் பிடிப்பதில்லை. பரம்பரையலகு வாசிப்பு எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்டியது. அதனால் தசை ஏன் கெடுகிறது என்பதை விளக்கியது புரதப் பிணைப்பு பற்றிய ஆய்வு. இரண்டும் ஒருமித்தால்தான் வைத்தியருக்குப் பயன்.

என் அம்மாவின் பக்கத்தில் ஆண்கள் பலர் ஐம்பதைத் தாண்டவில்லை. தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது விழுந்தவர் ஒருவர். காங்கேசன்துறை வீதியில் சைக்கிளில் போகும்போது சாய்ந்தவர் இன்னொருவர். யோசனையால் வந்தது என்றார்கள், செய்வினை என்றார்கள், கிரகம் சரியில்லை என்றார்கள். இலண்டனில் இருக்கும் என் பெறாமகனுக்கு எக்கோ பரிசோதனையில் இதயத்தசை தடித்திருப்பது தெரிந்ததும் அவன் அங்கிருந்து எனக்கு எடுத்துக் கேட்டான்: "பெரியம்மா, அம்மம்மாவின்ர பக்கத்தில ஆர் ஆர் திடீரெண்டு செத்தவை? எத்தினை வயசில?" அவனுடைய வைத்தியர் வம்சவரைபு கேட்டிருக்கிறார். நான் மூத்தவர்களிடம் போய் விசாரித்து, ஒரு தாளில் நாலு தலைமுறையையும் எழுதி அனுப்பினேன். அங்கே இரத்தம் சோதித்தார்கள். மேலே சொன்ன விடுபாடு இருந்தது. அதோடு ஒட்டிய இன்னொரு மாற்றமும் இருந்தது.

அந்த 'இன்னொன்று' முக்கியமானது. 2009இன் முடிவு அப்படியே நிலைக்கவில்லை. பிரித்தானியாவில் தெற்காசிய நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் 2020இல் காட்டியது இது: 25 எழுத்து விடுபாட்டைச் சுமப்பவர்களில் சிலரிடம் மட்டும் அதே பரம்பரையலகில் வேறோர் அரிய மாற்றமும் கூடவே வருகிறது. இதயத்தசை தடிக்கும் நோய்க்கான ஆபத்தில் பெரும்பங்கு அதனுடையது. ஆகவே விடுபாடு இருக்கிறது என்பதற்காக நூற்றில் நாலு பேரும் பயப்படத் தேவையில்லை. அவர்களுக்குள் மறைந்திருக்கும் சிலரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஆயிரம் ஜெனோம்கள்' தரவில் பெயர் இல்லை. அது சரியான ஏற்பாடு. ஆனால் அதில் நோய் விபரமும் இல்லை. அந்த 102 பேரில் யாருடைய இதயம் பலவீனமானது, யாருடைய தகப்பன் நாற்பத்தைந்தில் போனார் என்று அதைப் பார்த்துச் சொல்லமுடியாது. பரம்பரையலகு, குடும்ப வரலாறு, எக்கோ முடிவு மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கவேண்டும். அந்த இடம் நோயாளி இருக்கும் மண்ணில்தான் இருக்கமுடியும்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் வேலை என்று சொல்பவர்களுக்கு பெங்களூரை நினைவூட்டுகிறேன். அங்குள்ள உயிர்த்தகவலியல் நிறுவனம், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அகிலேஷ் பாண்டேயின் முயற்சியோடு, மனிதப் புரதங்களுக்கான தரவுத்தளம் ஒன்றை 2003இல் வெளியிட்டது. இளம் பட்டதாரிகள் ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக வாசித்து, எந்தப் புரதம் எதனோடு பிணைகிறது என்று கையால் பதிந்தார்கள். சில வருடங்களில் 38,000க்கு மேற்பட்ட பிணைப்புகள் அதில் சேர்ந்தன. உலகமே அதைப் பயன்படுத்தியது. அதே குழுவினர் 2014இல் மனிதப் புரதத்தொகுதியின் முதல் வரைபடங்களில் ஒன்றை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அந்தத் தரவுத்தளத்தைக் கட்டக் கணினியும் கட்டுரைகளும் உயிரியலை ஆழமாகப் படித்த பிள்ளைகளும் போதுமாக இருந்தன. அதே தரவுத்தளம் 2010க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை என்பதும் ஒரு பாடம். தரவுத்தளத்தைக் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. வருடா வருடம் பராமரிக்க ஆளும் சம்பளமும் வேண்டும்.

நான் கேட்பது மூன்று காரியங்கள்.

முதலாவது, குடும்ப வரலாற்றுப் பதிவேடு. இளவயதில் இதயத்தால் இறந்தவரின் வீட்டில் மூன்று தலைமுறை விபரம் கேட்டு எழுதப்படவேண்டும். கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைக்கு அழைக்கவேண்டும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கமாக இருந்த ஊர்களில் இது இன்னும் அவசரம். தாய் தகப்பன் இருவர் வழியாகவும் 25 எழுத்து விடுபாடு வந்த பிள்ளைகளை நோய் கடுமையாகப் பிடித்ததை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, படிப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. கணினி படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். யூனிப்ரொட், ஸ்ட்ரிங், பயோகிரிட் போன்ற தரவுத்தளங்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. உயர்தர மாணவி ஒருத்திகூட எம்.வை.பி.பி.சி.3 என்று தட்டச்சு செய்து, அது எந்தெந்தப் புரதங்களோடு பிணைகிறது என்று ஒரு பின்னேரத்தில் பார்க்கலாம். பார்த்ததை விளங்கிக்கொள்ள வழிகாட்டும் ஆசிரியர்களைத்தான் நாங்கள் உருவாக்கவேண்டும்.

மூன்றாவது, சம்மதம். இரத்தம் கொடுப்பவருக்கு எதற்காகக் கொடுக்கிறார் என்பது தமிழில் விளங்கவேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த இரத்தத்தை, அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது போன்ற ஆய்வுகளுக்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். பழங்குடியினர் வழக்குப் போட்டு, அந்த ஆய்வாளர்களின் பல்கலைக்கழகத்திடம் 2010இல் இழப்பீடு பெற்றார்கள். அப்படி இங்கே நடக்கக்கூடாது. எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது. வடக்கில் உருவாகும் எந்தப் பதிவேடும் அந்தச் சட்டத்தின் கீழ் உருவாகட்டும். நோய்க்கென்று எடுத்த மாதிரி நோய்க்கு மட்டும். சாதிக்கும் இன வாதத்துக்கும் அதிலிருந்து ஓர் எழுத்தும் போகக்கூடாது.

நீரிழிவும் சிறுநீரக நோயும் இருக்க இதற்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நீரிழிவுக்கும் பரம்பரை உண்டு, மருந்து ஒருவருக்கு வேலை செய்து இன்னொருவருக்கு வேலை செய்யாமல் போவதற்கும் பரம்பரை உண்டு. இதயத்துக்காகப் பழகும் இதே முறை நாளைக்கு மற்ற நோய்களுக்கும் உதவும். பக்கத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். அன்றைக்கு உலகில் புதிதாக இருந்த அறிவை இந்தக் குடாநாடு தாமதிக்காமல் கையிலெடுத்தது. இன்றைய புதிய அறிவுக்கு மட்டும் ஏன் காத்திருக்கவேண்டும்?

என் பெறாமகன் இப்போது மருந்தோடும் கண்காணிப்போடும் வேலைக்குப் போய்வருகிறான். அவனுடைய முடிவு தெரிந்ததால் இங்கே இருக்கும் அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரர்களும் எக்கோ எடுத்தார்கள். இலண்டனில் ஒருவர் அறிந்த உண்மை இணுவிலில் இன்னும் பலரைக் காக்கும் என்பதற்கு எங்கள் குடும்பமே சாட்சி. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் தாராளமாகக் கொடுத்தீர்கள். ஊர் நன்றியோடு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில், உயிர்த்தகவலியல் படிக்கப்போகும் ஒரு பிள்ளைக்கான புலமைப்பரிசிலையும், குடும்பப் பதிவேட்டைப் பேணும் ஒரு தாதிக்கான சம்பளத்தையும் நிகழ்ச்சிநிரலில் சேருங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது பரம்பரைப் பரிசோதனை நடந்திருந்தால், அந்த முடிவை அவருடைய சம்மதத்தோடு ஊரிலிருக்கும் உறவுக்குச் சொல்லுங்கள்.