இரண்டாயிரம் பவுண்டுக்கு உடலை ஒப்படைத்தவர்கள்

2006 மார்ச் 13. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் புதிய மருந்துச் சோதனைக்காக எட்டு பேர் படுத்திருந்தார்கள். ஆளுக்குச் சுமார் 2000 பவுண்டு. இருவருக்கு மருந்தில்லாத ஊசி. ஆறு பேருக்கு டிஜிஎன் 1412. விலங்குகளைப் பாதிக்காத அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஆனால் முதலாமவருக்கு என்ன ஆகிறது என்று காத்திருந்து பார்க்கவில்லை. சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்திற்குள் ஆறு பேரும் துடித்தார்கள். உறுப்புகள் செயலிழந்தன. உயிர் தப்பினார்கள் என்றாலும், ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார். மருந்தை உருவாக்கிய ஜெர்மன் நிறுவனமோ அதே ஆண்டு திவாலானது.

இவர்களுக்குத் 'தன்னார்வலர்' என்று பெயர்! பணத்தேவைக்காக வந்தவரை அப்படி அழைப்பது யாருக்கு வசதி என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. சோதனையில் பாதிக்கப்பட்டால் இழப்பீடு தர வேண்டும் என்கின்றன இந்தியாவின் 2019 விதிகள். அதைக் கேட்டு வாங்கும் தெம்பு, கூலிக்காகக் கையெழுத்திட்ட ஏழையிடம் இருக்குமா?