பூட்டின் பெயர் பாதுகாப்பு

7எஃப் 27 35. மூன்று பைட்டுகளால் ஆன இத்தொடர் ஒரு மறுப்பு வாக்கியம். காரின் எஞ்சினை ஆளும் கட்டுப்பாட்டு அலகிடம், பட்டறை வழக்கில் ஈசிஎம்மிடம், பழுதறி மென்பொருள் உள்ளே எழுத அனுமதி கேட்கிறது. அலகு ஒரு புதிர் எண்ணைத் தருகிறது. மென்பொருள் அதற்குரிய விடையைக் கணித்துத் திருப்பித் தரவேண்டும். விடை பிழையானால் அலகு சொல்வது இதுதான்: 7எஃப் என்பது மறுப்பின் குறி, 27 என்பது மறுக்கப்பட்ட கோரிக்கை, 35 என்பது காரணம், அதாவது சாவி தவறு. ஒழுங்காக அமைந்த மொழி. இதன் இலக்கணம் இரகசியமன்று. ஐஎஸ்ஓ 14229 என்னும் பன்னாட்டுத் தரநிலையாக அது வெளியிடப்பட்டு விற்கப்படுகிறது. பணம் கட்டிய எவரும் வாங்கிப் படிக்கலாம். புதிருக்கு விடை காணும் சூத்திரம் மட்டும் காரைச் செய்தவரின் பெட்டகத்தில் இருக்கிறது. பொது இலக்கணமும் தனியுடைமைச் சாவியும் கொண்ட இம்மொழிக்குள் இந்தியாவின் பழுதுபார்ப்புத் தொழில் மெல்ல மெல்ல அடைபட்டு வருகிறது. பழுதுபார்ப்போரைப் பற்றி ஓயாது பேசும் பல்கலைக்கழகங்கள் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

பட்டறையில் நிகழ்வது என்னவென்று அறியாதோர்க்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தில்லியில் மழை வலுத்தால் மின்டோ பாலத்தடியில் மூழ்கிய வண்டியின் படம் நாளிதழ்களில் வருவது வாடிக்கை. அத்தகைய நீரில் சிக்கிய ஒரு டாக்சியை எண்ணிப் பார்க்கலாம். எஞ்சின் நீரை உள்ளிழுக்காதிருந்தால் பிழைத்துவிடும். எண்ணெய் மாற்றி, உலர்த்தி, ஓட்டிவிடலாம். இணைப்பு ஊசிகளில் நீர் புகுந்து பச்சை பூத்த ஈசிஎம் பல வேளைகளில் பிழைப்பதில்லை. கார்புரேட்டர் காலத்தில் கெட்ட பாகத்துக்கு ஈடான பாகம் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. ஈசிஎம்முக்கு அது பொருந்தாது. புதிய அலகு பெரும்பாலும் வெற்றுப் பலகையாகவே வருகிறது. தான் எந்த வண்டியில் இருக்கிறோம் என்பதுகூட அதற்குத் தெரியாது.

ஆகவே கைதேர்ந்த மெக்கானிக் முதலில் செய்வது, பழைய அலகு குற்றுயிராகவேனும் பேசுமா என்று பார்ப்பது. பேசினால் அதிலுள்ள அமைவுத் தரவைப் படித்துச் சேமித்துக்கொள்கிறார். பிறகு பேட்டரியோடு சீரான மின்வழங்கியை இணைக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் புதிய அலகும் மேசையிலேயே செத்துவிடக்கூடும். டேஷ்போர்டின் அடியிலுள்ள 16 முனை இணைப்பானில் இடைமுகக் கருவி செருகப்படுகிறது. அதன் மறுமுனை மடிக்கணினியில். மென்பொருள் 27ஆம் பணியால் அனுமதி பெற்று, 34ஆல் தரவு வரப்போவதை அறிவித்து, 36ஆல் நிரலைத் துண்டு துண்டாக அனுப்பி, 37ஆல் முடித்துக்கொள்கிறது. அதன்பின் எஃப்190 என்னும் குறியீட்டின்கீழ் வண்டியின் 17 இலக்க அடையாளம் பதிய வேண்டும். டீசல் வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்துள்ள திருத்தக் குறியீட்டைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினால் எஞ்சின் தட்டும், அல்லது புகையும். இறுதியாக இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சில்லும் அலகும் ஒன்றையொன்று அறிந்துகொண்டாலன்றி எஞ்சின் கிளம்பாது. சில வண்டிகளில் கிளம்பி ஓரிரு நொடியில் அணைந்துவிடும்.

இத்தனை படிகளிலும் கம்பெனி சர்வீஸ் சென்டரின் கூரைக்குக் கீழே மட்டுமே செய்யத்தக்கது என்று ஒன்றும் இல்லை. தெருவோரப் பட்டறையில் கிடைக்காதவை இரண்டே: 27ஆம் பணிக்குரிய விடை, வண்டிக்குரிய நிரல் கோப்பு. இரண்டும் பல நிறுவனங்களில் டீலரின் கணக்கில் நுழைந்தால் மட்டுமே சர்வரிலிருந்து இறங்குபவை. டாக்சிக்காரருக்கு இதன் பொருள் எளிது. அவருடைய மெக்கானிக் பழுதைக் கண்டுபிடித்துவிட்டார், பாகத்தை மாற்றியும்விட்டார், ஆயினும் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோய், வரிசையில் நின்று, கேட்ட தொகையைக் கட்டவேண்டும். அதுவரை வருமானம் இல்லை, மாதத் தவணை மட்டும் உண்டு. மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் நல்ல நிலையிலுள்ள ஈசிஎம் கிடைத்தாலும் பயன் குறைவு. அது முந்தைய வண்டியின் அடையாளத்தையும் சாவியையும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். சில அலகுகள் ஒருமுறை எழுதியபின் மறுமுறை எழுதவே விடா. வேலை செய்யும் மின்னணுப் பாகம் குப்பையாகிறது. இதற்கு மறுசுழற்சிக் கொள்கை என்று பெயர் சூட்டிக் கருத்தரங்கும் நடத்தப்படுகிறது.

ஏன் இந்தப் பூட்டு என்று கேட்டால் வாகனத் தொழில் தரும் விடை ஒரே சொல்: பாதுகாப்பு. சொற்பொருளியல் படித்த முதலாண்டு மாணவருக்கே தோன்ற வேண்டிய ஐயம் இங்கு எவருக்கும் தோன்றாதது விந்தை. திருட்டைத் தடுப்பதும் பாதுகாப்பு. காற்றில் நச்சுப் புகை கலவாமல் காப்பதும் பாதுகாப்பு. பிரேக்கும் ஏர்பேக்கும் பிழையாது இயங்குவதும் பாதுகாப்பு. உதிரிபாக வணிகம் வெளியே கசியாமல் காப்பதும், அச்சொல்லை உச்சரிப்பவரின் உள்மனத்தில், பாதுகாப்பே. நான்கு வேறு பொருள்கள் ஒரு சொல்லின் போர்வைக்குள் படுத்திருக்கின்றன. முதல் மூன்றைக் காட்டி நான்காவதைக் கடத்திச் செல்வதுதான் இங்கு நடக்கும் மொழி வேலை. அவற்றைத் தனித்தனியே எழுப்பி நிறுத்திப் பார்த்தால் போதும்.

திருட்டு என்பது மெய்யான அச்சம், அதை இகழ்வதற்கில்லை. இம்மொபிலைசர் குறியீடு எவர் கையிலும் கிடைக்குமானால் வண்டி போய்விடும். ஆயின் அதற்கு விடை டீலரின் ஏகபோகம்தானா? அமெரிக்காவில் இக்கேள்விக்கு வேறு விடை நெடுநாளாக நடைமுறையில் உள்ளது. வாகனச் சேவைக்கான தேசியப் பணிக்குழு அங்கே பூட்டுத் தொழிலாளர்களுக்கும் பட்டறையாளர்களுக்கும் ஒரு பதிவேட்டை நடத்துகிறது. பின்னணி சரிபார்க்கப்பட்டுப் பதிவு பெற்றவர் சாவிக் குறியீட்டைக் கேட்டுப் பெறலாம். யார், எந்த வண்டிக்கு, எப்போது பெற்றார் என்பது பதிவாகும். தனியார் பட்டறைக்காரரைத் திருடர் என்று கருதாமலே திருட்டைத் தடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று தேவையில்லை. இந்தியாவில் இப்போதுள்ள ஏற்பாடு திருடனைத் தடுப்பதும் இல்லை. உடைக்கப்பட்ட மென்பொருளும் போலிக் கருவியும் கள்ளச் சந்தையில் திருடனுக்கும் கிடைக்கும், வேறு வழியற்ற நேர்மையான மெக்கானிக்குக்கும் கிடைக்கும். கதவு அடைத்ததால் நேர்ந்தது, நேர்மையானவரும் கொல்லைப்புறமாக வர நேர்ந்தது மட்டுமே. அரைகுறையாக உடைத்த மென்பொருள் பாதியில் நின்று அலகைக் கெடுத்தால், பாருங்கள், இதற்காகத்தான் பூட்டினோம் என்று அதே நிறுவனங்கள் சொல்லும்.

புகை குறித்த வாதம் இன்னும் சுவையானது. வெளியார் நிரலைத் தொட்டால் உமிழ்வுக் கட்டுப்பாடு குலையும் என்பர். குலைப்போர் உண்டு; திறன் கூட்டித் தருகிறேன் என்று நிரலைத் திரிக்கும் கடைகள் எல்லா நகரங்களிலும் உள்ளன. ஆனால் அண்மைக் காலத்தின் மிகப்பெரும் உமிழ்வு மோசடி எங்கே நடந்தது? 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட அறிவிப்பு ஃபோக்ஸ்வேகன் பற்றியது. சோதனைக்கூடத்தில் ஒருவகையாகவும் சாலையில் வேறுவகையாகவும் இயங்கும் நிரலை எழுதியது தெருவோர மெக்கானிக் அல்லர்; நிறுவனமே எழுதி, பூட்டிய அலகுக்குள் வைத்தது. அதைக் காட்டிக்கொடுத்த அளவீடு மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வண்டியை உண்மைச் சாலையில் ஓட்டி எடுத்தது. பூட்டு அத்தனை ஆண்டுகள் எதைப் பாதுகாத்தது என்பது வெளிப்படை. அவ்வாண்டு இறுதியில் இந்தியாவிலும் ஏறத்தாழ 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. உமிழ்வின் பெயரால் மூடிவைக்கச் சொல்லும் வாதத்தை இதன் பின்னரும் தலையசைத்துக் கேட்பது பொறுமையின் பிழை. மேலும், சான்றளிக்கப்பட்ட அசல் நிரலை அப்படியே மாற்று அலகில் ஏற்றுவதும், நிரலைத் திரிப்பதும் வேறுவேறு செயல்கள். மாற்று அலகை நிரலாக்க விரும்பும் பட்டறை கேட்பது முன்னதை மட்டுமே. 2004ஆம் ஆண்டு மாடல் முதலே அமெரிக்காவில் உமிழ்வு சார்ந்த அலகுகளை ஜே2534 என்னும் பொது இடைமுகத்தால் தனியார் பட்டறைகளும் மறுநிரலாக்க வழியிருக்க வேண்டும் என்பது விதி.

பிரேக், ஏர்பேக் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிரேக் பட்டையை மாற்றும் உரிமை எந்தப் பட்டறைக்கும் உண்டு. அதைவிட உயிருக்கு நெருங்கிய பாகம் ஏது? பயிற்சி வேண்டும் என்றால் பயிற்சி தரலாம்.

எஞ்சியிருப்பது நான்காவது பொருள். அதைப் பற்றி ஊகிக்கத் தேவையே இல்லை, ஆவணம் இருக்கிறது. 2011இல் வந்த ஒரு புகாரின்மேல் விசாரணை நடத்திய இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544.65 கோடி தண்டம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறி கருவிகளையும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகும் என்பது அதன் முடிவு. அறிவுசார் சொத்துரிமை என்னும் கேடயத்தை நிறுவனங்கள் அங்கேயும் உயர்த்தின, ஆணையம் ஏற்கவில்லை. கருவிகள் எளிதில் கிடைக்க ஏற்பாடு செய்யுமாறும், தனியார் பட்டறையில் காட்டிய ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை அடியோடு மறுக்கக் கூடாதென்றும் ஆணையிட்டது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் தண்டத்தொகையைக் குறைத்ததேயன்றி அவற்றைக் குற்றமற்றவை என்று விடுவிக்கவில்லை. ஆணை வந்த பின்னர் பிஎஸ்-6 வண்டிகள் வந்துவிட்டன. 2020 ஏப்ரல் முதல் விற்பவை யாவும் அவையே. அவற்றில் மின்னணு அலகுகள் பெருகின. அவற்றோடு பூட்டுகளும் பெருகின.

பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி அஞ்சவைப்போரும் அச்சட்டத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது, மெய்தான். ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைப்பதையே அது குற்றமாக்குகிறது. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கத்துக்காகச் செய்வதை அப்பிரிவே விலக்கி வைக்கிறது. நிரலை முறையாகக் கைவசம் வைத்திருப்பவர், அது வழங்கப்பட்ட பயனுக்காகப் படியெடுப்பதை 52ஆம் பிரிவு மீறலாகக் கருதவில்லை. கார் ஓடுவதற்காகத்தானே அந்நிரல் வழங்கப்பட்டது? இருப்பினும் பட்டறையாளர் வழக்குக்கு அஞ்சுகிறார். நீதிமன்றம் ஏறும் செலவு அவரிடம் இல்லை என்பதை எதிர்த்தரப்பு நன்கறியும்.

இனிக் கல்விப்புலம். ஜுகாட் என்னும் இந்திச் சொல் ஆய்வுக் கட்டுரைகளில் பெற்றுள்ள மதிப்பு பெரிது. இல்லாததைக் கொண்டு இருப்பதை இயக்கும் ஏழையின் அறிவாற்றல் என்று அதைப் புகழும் நூல்களும் பாடத்தாள்களும் பல. அப்புகழ்ச்சியின் உள்ளே ஓர் அசட்டை இருக்கிறது. தெருவோர மெக்கானிக் கம்பியும் நூலும் கொண்டு சமாளிப்பவர் என்னும் படிமம் அவருக்கு உரிய கருவியை மறுப்போருக்கே துணைபோகிறது. அவருக்கு வேண்டியது உரிமம் பெற்ற மென்பொருள், நிரல் கோப்பு, பதிவேட்டில் ஒரு பெயர். 27ஆம் பணி எப்படி இயங்குகிறது என்று வகுப்பெடுக்கத் தகுந்தவர் அவர். மாயாபுரியோடு பல்கலைக்கழகத்துக்கு ஏற்பட்ட தொடர்பில் நாடறிந்தது 2010இல் நடந்தது: தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலத்தில் கழித்த கோபால்ட்-60 கருவி அங்கே பிரிக்கப்பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். அறிவு எந்தத் திசையில் செல்ல வேண்டியிருந்தது, எது சென்றது என்பதை அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் நினைக்காமல் இருக்க முடியாது.

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. கையேடு, சேவை மையம், உத்தரவாதம் பற்றிய தகவலைத் தொகுத்துத் தரும் தளம் அது. 7எஃப் 27 35 என்று மறுக்கும் அலகுக்கு அதனிடம் மறுமொழி கிடையாது. கட்டாயப்படுத்தும் விதி வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதியின்படி எந்த மாடலும் விற்பனைக்கு வருமுன் புனேயிலோ மானேசரிலோ உள்ளதைப் போன்ற சோதனை நிறுவனம் ஒன்றின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டின் 715ஆம் ஒழுங்குமுறையில் செய்தது இதே இடத்தில்தான்: பழுதுபார்க்கும் தகவலைத் தனியாருக்கும் தர ஏற்பாடு செய்யாத மாடலுக்கு ஒப்புதல் இல்லை. அசல் நிரல் கோப்பு நியாயமான கட்டணத்தில், பொது இடைமுகத்தின் வழியே, பதிவு பெற்ற எந்தப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். இம்மொபிலைசர் குறியீடு மட்டும் அடையாளம் சரிபார்த்த பதிவேட்டின் வழியே கிடைக்க வேண்டும். இவ்விரு நிபந்தனைகளையும் 126ஆம் விதியின்கீழ்ச் சேர்ப்பது அறிவிக்கை ஒன்றால் முடியக்கூடிய வேலை. வரைவு அறிவிக்கையின்மேல் கருத்துக் கேட்கும் நாள்களில் நிறுவனங்களின் சங்கம் தவறாமல் எழுதுகிறது. சட்டப் புலங்களும் பொறியியல் துறைகளும் மொழியியல் துறைகளும் ஒருமுறையேனும் எழுதட்டும்.