நாலாவது கட்டத்தில் என்ன இருக்கு?

பவுடர் மெட்டலர்ஜி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பரீட்சைக் கேள்விதான். பொடி தயாரித்தல், கலத்தல், அச்சில் அழுத்துதல், சிண்டரிங் என்று நாலு கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தால் மார்க் வந்துவிடும். அந்த நாலாவது கட்டத்தை நாம் ரொம்ப லேசாக நினைத்துவிட்டோம் என்பது என் கருத்து.

தெர்மோ எலக்ட்ரிக் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தால் மின்சாரம் தரும். நம் ஃபர்னஸில் சூடு பார்க்கிற தெர்மோகப்பிளின் தத்துவமே இதுதான். 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களுக்கும் புளுட்டோனியச் சூட்டிலிருந்து இப்படித்தான் மின்சாரம். ஆனால் பொருளுக்கு வேண்டிய குணம் வம்பு பிடித்தது. மின்சாரம் தாராளமாகப் பாய வேண்டும், சூடு பாயக் கூடாது! இந்தத் தரத்தை இசட்.டி. என்ற எண்ணால் சொல்கிறார்கள். பிஸ்மத் டெலுரைடு வகைக்கு அது ரொம்ப காலம் 1-ஐச் சுற்றியே நின்றது.

2008-ல் அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரி, எம்.ஐ.டி. ஆட்கள் அதே பொருளைத்தான் எடுத்தார்கள். பால் மில்லில் மாவாக அரைத்தார்கள், சூடும் அழுத்தமும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1.4 வந்தது. துகளுக்குத் துகள் இருக்கிற எல்லைகள் சூட்டை மறித்துவிட்டன. மின்சாரம் அந்த அளவுக்குத் தடைபடவில்லை. இதில் சிக்கல் ஒன்றுதான்: அதிக நேரம் சூட்டில் விட்டால் சின்னத் துகள் பெரிசாகிவிடும், அரைத்தது வீண். அதற்குத்தான் ஸ்பார்க் பிளாஸ்மா சிண்டரிங். கிராஃபைட் அச்சில் பொடியை அழுத்தியபடியே மின்சாரம் பாய்ச்சி, நிமிஷக் கணக்கில் வேலையை முடிக்கிறார்கள். 2012-ல் ஈய டெலுரைடில் இப்படி 2.2 காட்டிய கட்டுரையின் முதல் பெயர் நம் நாட்டு கனிஷ்கா பிஸ்வாஸ்.

எங்கப்பா செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். சாரலில் பச்சைக்கல் காயாமல் வேலை நின்ற ஒரு நாள் இதை அவரிடம் சொன்னேன். "தீ பத்தாட்டி கல்லு வேகாது, மிஞ்சிட்டா உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். இதத்தான் இவ்வளவு பெரிசா சொல்லுதியா?" என்றார். ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்.

"டிப்ளமோக்காரனுக்கு எதுக்குடா ஆராய்ச்சி?" என்று நம்மை நாமே கேலி பேசுகிறோம். அச்சில் பொடி நிரப்புவதும், காற்றுப் புகாமல் பார்ப்பதும், சூட்டை நிறுத்தும் நேரம் அறிவதும் யார் வேலை? 2021-ல் தகர செலினைடில் இருந்த ஆக்ஸைடை நீக்கியதும் இசட்.டி. 3-ஐத் தாண்டியது. சுத்தம் செய்ததற்குக் கிடைத்த பலன் அது. சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் ஏ.ஆர்.சி.ஐ. மையம் இருக்கிறது. அது வரை போகும் ஆசை நமக்கு ஏன் வரக் கூடாது?

டெலுரியம் நச்சு, அதை நாம் தொட வேண்டாம். செம்புப் பொடி ஒன்பது பங்கு, தகரப் பொடி ஒரு பங்கு, ஒரு கை ஹைட்ராலிக் பிரஸ், ஒரு அச்சு போதும். கரிப்பொடிக்குள் புதைத்து 800 டிகிரி பக்கம் சூடேற்றி, ஐந்து நிமிஷம், அரை மணி, ஒரு மணி என்று எடுத்து உடைத்துப் பார்ப்போம். அடுத்த வருஷ யூனியன் நிதியில் ஆண்டு விழா மைக் செட்டுக்கு முன்னால் இதற்கு ஒரு தொகை ஒதுக்கும்படி கேட்கிறேன்.