மகனை ஊருக்கு அழைக்கலாமா?

‘‘ஐ.டி.ஐ முடித்த என் மகன், ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ‘எல்லாம் ரோபோவே செய்யுது’ என்று புலம்புகிறான். ஊருக்கு வந்து 3 ஏக்கரைப் பார்க்கச் சொல்லலாமா?’’
- வாசகர், மன்னார்குடி.

அவசரப்படாதீர்கள். மகன் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். பாடி வெல்டிங், பெயின்டிங் இரண்டும் பெரும்பாலும் ரோபோ கைக்குப் போய்விட்டன. தீப்பொறியும் பெயின்ட் புகையும் உடம்புக்கு ஆகாதவை. அந்த வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஒயரிங், சீட், டேஷ்போர்டு மாட்டுவது இன்னமும் மனிதக் கையில்தான். வளைகிற ஒயரை இடுக்கில் நுழைக்க ரோபோவுக்குச் சுலபத்தில் வருவதில்லை.

அமெரிக்காவில் ரோபோ அதிகம் வந்த வட்டாரங்களில் வேலையும் கூலியும் குறைந்ததை அசமோக்லு, ரெஸ்ட்ரெப்போ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள். ஜெர்மனியில் கதை வேறு. அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களைப் பெரும்பாலும் வெளியே அனுப்பவில்லை; அதே கம்பெனியில் வேறு வேலைக்கு மாற்றினார்கள். ஆனால், புதிதாக இளைஞர்களை எடுப்பது குறைந்தது. உள்ளே இருப்பவர் தப்பித்தார், வாசலில் நின்றவருக்குக் கதவு சாத்தியது. நிரந்தரம் ஆகாத உங்கள் மகன் நிற்பது அந்த வாசலில்தான்.

இந்தப் பயம் புதிதல்ல. 1830-ல் இங்கிலாந்தில் கதிரடிக்கும் இயந்திரம், குளிர்காலத்தில் கிடைத்த முக்கிய வேலையைப் பறித்தபோது, விவசாயக் கூலிகள் கென்ட் பகுதியில் தொடங்கி ஊர் ஊராக அதை உடைத்தார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். சுமார் 500 பேர் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டார்கள். நம் பக்கம் அறுவடை மெஷின் வந்து கூலி நெல் நின்றபோது யாரும் எதையும் உடைக்கவில்லை. சத்தமில்லாமல் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். மெஷினுக்கு போன் போட்டது நாம்தானே!

மூன்று ஏக்கர் நெல்லில் இன்னொரு குடும்பம் பிழைக்காது என்பது உங்களுக்கே தெரியும். உரக்கடை பாக்கியைத் தீர்ப்பது பல வீடுகளில் மகன் அனுப்பும் சம்பளம்தான். எனவே, வேலையை விடாமல் ரோபோவை இயக்க, பழுது பார்க்கப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ-க்கள் ‘தொழில் 4.0’ மையங்களாகத் தரம் உயர்ந்துள்ளன. ரோபோ பயிற்சியும் உண்டு. ஒப்பந்தம் முடியும் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குள் சேரச் சொல்லுங்கள். சேர்க்கை விவரத்தை மன்னார்குடியிலேயே அரசு ஐ.டி.ஐ-யில் விசாரிக்கலாம்.