ஐடி கார்டு முடிஞ்சா ஆட்டமும் முடியணுமா?

நம்ம பக்கத்துல ஒரு காலேஜ் பேஸ்கட்பால் ஃபார்வர்டு எத்தனை வயசுல ரிட்டயர் ஆகிறான் தெரியுமா? 21 வயசுல. முழங்கால் போனதாலயும் இல்ல, ஃபார்ம் போனதாலயும் இல்ல. கடைசி செமஸ்டர் முடிஞ்சு ஐடி கார்டு செல்லாமப் போற அன்னைக்கே அவனோட ஆட்டமும் முடிஞ்சு போகுது. அடுத்த மாசம் பந்தோட வந்தா, நாலு வருஷமா பேர் சொல்லிக் கூப்பிட்ட அதே செக்யூரிட்டி அண்ணன், "உள்ள விட முடியாதுப்பா, ரூல்ஸ்" என்பார். அவர் மேல தப்பே இல்ல.

இது வருஷா வருஷம் நடக்குது. "படிப்பு முடிஞ்சுது, விளையாட்டும் முடிஞ்சுது, அவ்வளவுதானே" என்று நாமும் விட்டுடறோம். அதை அப்படி விடக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கபடியை எடுத்துக்கோங்க. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் பொங்கலுக்குப் போனா ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். கல்யாணம் ஆகி, குழந்தை பொறந்து, வயல் வேலையும் பார்க்கிற அண்ணன் ஒருத்தர் இன்னும் ஊர் டீமுக்கு ரெய்டு போவார். காரணம் சிம்பிள். களம் ஊருக்குச் சொந்தம், டீமும் ஊருக்குச் சொந்தம். டிகிரி முடிஞ்சா ஊர் யாரையும் வெளிய அனுப்பாது. பேஸ்கட்பால் கோர்ட்டு பெரும்பாலும் ஏதோ ஒரு காம்பவுண்டு சுவருக்குள்ள இருக்கு. கோர்ட்டு யாரோடதோ, ஆட்டமும் அவங்களோடது.

இதுல ஃபார்வர்டு பாடு இன்னும் மோசம். கார்டு ஆடுறவன் மொட்டை மாடியில தனியா டிரிபிள் பண்ணிக்கலாம். ஷூட்டருக்கு ஒரு ரிங் கிடைச்சா போதும். ஃபார்வர்டோட வேலை அப்படியா? பாக்ஸ் அவுட் பண்ண முதுகுக்குப் பின்னால ஒரு ஆள் தள்ளணும். ஸ்க்ரீன் வைக்க, அதைச் சுத்தி ஓட ஒரு ஆள் வேணும். ரிபவுண்டு எடுக்க, வேற யாராவது ஷாட்டை மிஸ் பண்ணணும்! ஆள் இல்லாம பழக முடியாத வித்தை அது. அதனால டீம் கலைஞ்ச உடனே முதல்ல துருப்பிடிக்கிறது ஃபார்வர்டோட ஆட்டம்தான்.

"21 வயசுக்கு மேல ஆடி என்ன ஆகப்போகுது?" என்று கேட்பீங்க. அம்ஜோத் சிங்கைப் பாருங்க. இந்திய அணியின் ஃபார்வர்டு, 1992-ல் பிறந்தவர். 2014-ல் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் சீனாவை 65-58 என்று இந்தியா சாய்த்தபோது அந்த அணியில் இருந்தார். பிறகு ஜப்பான் லீக்கில் ஆடினார். 2017-ல் என்.பி.ஏ.வின் ஜி லீக்குக்கு, ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்குப் போனபோது அவருக்கு வயசு 25. அதாவது நம்ம சீனியர்கள் ஷூவைப் பரண்ல போட்டு நாலு வருஷம் ஆகிற வயசு.

நம்ம சென்னை அனிதா பால்துரை 2001-ல் இந்திய அணிக்கு வந்து 2017 வரை ஆடினார். அந்தக் கடைசி வருஷம் பெங்களூரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதிப் போட்டியில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா வென்றபோது அவருக்கு வயசு 32. 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. அவ்வளவு காலம் ஆட முடிந்ததற்குப் பின்னால் தெற்கு ரயில்வே வேலையும் அந்த டீமும் இருந்தன.

எல்லாரும் அம்ஜோத் ஆகப் போறதில்ல, சரி. அமெரிக்கக் காலேஜ்களில் ஆடுறவங்களிலேயே நூத்துல ஏறக்குறைய ஒருத்தர்தான் என்.பி.ஏ. வரைக்கும் போறாங்க. ஆனா மத்த 99 பேரும் பந்தைக் கீழ வெச்சுடறதில்ல. தெரு முனைப் பார்க்கில் ரிங் இருக்கு, ஒய்.எம்.சி.ஏ. இருக்கு. சொல்லப்போனா 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்ததே ஒரு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் சும்மா இருந்த வளர்ந்த ஆண்களை ஓட வைக்கத்தான்.

இங்க என்ன வழி இருக்கு? பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கு. அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கு. ரயில்வே, ஐ.ஓ.பி. மாதிரி டீம்கள் இருக்கு. நல்ல விஷயம்தான், ஆனா இதெல்லாம் உச்சியில இருக்கிற சிலருக்கு. மாவட்ட அளவில் நல்லா ஆடி, ஸோனல் வரைக்கும் போன ஒருத்தனுக்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டம். உள்ள வர்றதுக்கு விளையாட்டு வேணும், வெளிய போனதுக்கு அப்புறம் வேண்டாம் என்றால் என்ன கணக்கு இது?

சின்ன ஊர்களால் முடியாது என்று மட்டும் சொல்லாதீங்க. நமக்கு மேற்கே அதே காவிரியோட கரூர் இருக்கு. எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பைக்கு நாடு முழுக்க இருந்து டீம்கள் அங்க வருது. தேனிப் பக்கம் பெரியகுளம், நம்ம மாதிரியே நெல் விளையிற ஊர். அங்க சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துற அகில இந்தியப் போட்டிக்குக் கோடையில் ஊரே கேலரியில் உட்கார்ந்திருக்கும். கோர்ட்டை ஊர் தன்னோடதா நினைச்சா என்ன நடக்கும் என்பதற்கு இந்த ரெண்டு ஊரும் சாட்சி.

நான் அகில இந்தியப் போட்டி கேக்கல. கேக்கிறது ரொம்பச் சின்னது. வாரத்துக்கு மூணு நாள், சாயங்காலம் 6 மணியிலிருந்து 8 வரை, பழைய மாணவர்களுக்குப் பாதி கோர்ட்டு. அவ்வளவுதான்.

பாதி கோர்ட்டு ஏன் போதும்? 3x3 ஆட்டத்துக்கு அதுவே முழுக் களம். டீமுக்கு நாலு பேர், களத்தில் மூணு பேர், ஒரே ரிங், 10 நிமிஷம். நேரம் முடியறதுக்குள்ள யார் 21 எடுத்தாலும் ஆட்டம் முடிஞ்சுது. டோக்கியோவில் இது ஒலிம்பிக் ஆட்டமாவே ஆயிடுச்சு. அனிதாவும் அம்ஜோத்தும் இதிலும் ஆடியவர்கள்தான். மூணே பேர் இருக்கிறதால ஒளிய இடமே இல்ல. ரிங்குக்குக் கீழ உடம்பைக் கொடுத்து ரிபவுண்டு எடுக்கிற ஃபார்வர்டுக்கு இதில் மவுசு அதிகம்.

"தஞ்சாவூர்ல அன்னை சத்யா ஸ்டேடியம் இருக்கே?" இருக்கு. ஆனா பாபநாசத்தில் கடை பார்க்கிறவரோ, மன்னார்குடியில் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறவளோ தினம் பஸ் ஏறி அங்க வர முடியுமா? டெல்டா முழுக்கக் காலேஜ்கள் பரவி இருக்கு. கோர்ட்டுகளும்தான். பூட்டைத் திறந்தா போதும்.

"வெளியாள் உள்ள வந்தா பாதுகாப்பு?" நியாயமான கேள்வி. அலும்னி கார்டு கொடுங்க, பேர் எழுதி உள்ள விடுங்க, ரெண்டு சீனியர்களைப் பொறுப்பாக்குங்க. தப்பு செஞ்சா கார்டை வாங்கிடுங்க. ஒரு நாள் பெண்களுக்கு மட்டும் ஒதுக்குங்க. பையன்களாவது எங்கயாவது கிரிக்கெட் ஆடிடுவாங்க. காலேஜ் டீமில் ஃபார்வர்டா நின்ன அக்காவுக்கு ஊரில் ஓடி ஆட ஒரு சதுர அடி கூடக் கிடையாது.

இதில் இப்போ ஆடுறவங்களுக்கும் லாபம் இருக்கு. 26 வயசு ஃபார்வர்டு ஒருத்தர் முதுகை வெச்சுத் தள்ளும்போது ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் கத்துக்கிறதை எந்த யூடியூப் வீடியோவும் சொல்லித் தராது.

இந்த மண்ணில் யாரும் குறுவை அறுத்ததும் வயலை விட்டுட்டுப் போறதில்ல. அதே நிலத்தில் அடுத்து தாளடி நடுவாங்க. காலேஜ் நாலு வருஷம் ஒரு ஃபார்வர்டுக்குக் குறுவைதான்.

நீங்க ஃபைனல் இயர் என்றால் இந்த வாரமே பி.டி. சாரைப் பார்த்துப் பேசுங்க. ஜூனியர் என்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்க. நாலு வருஷத்தில் உங்க கார்டும் செல்லாமப் போயிடும்.